கடல் குடித்த கைத்தொலைபேசியும் ஒரு மலிவு வெப்பக் கமராவும்

திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் கடலுக்குள் விழுந்த கைத்தொலைபேசி ஒன்று ஒருவழியாக உயிர் பெற்றுவிட்டது. அதைச் சாட்டாக வைத்து நான் வாங்கிய வெப்பக் கமராவின் விலை அந்தத் தொலைபேசியின் விலையைவிட அதிகம். அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன். முதலில் வேலை.

தொலைபேசியின் சொந்தக்காரன் என் மாமாவின் மகன். புறாத்தீவுக்குப் படகில் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுபோய் வருபவன். படகைக் கரையேற்றும்போது சட்டைப் பையிலிருந்து நழுவி இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டது. "தண்ணீர் புகாது என்று பெட்டியிலேயே போட்டிருந்ததே மச்சான்" என்றான். பெட்டியில் போட்டிருந்த ஐ.பி. 68 என்பது புத்தம்புதுத் தொலைபேசியை நன்னீரில் அமிழ்த்திப் பார்க்கும் சோதனை. அவனுடையது வெயிலிலும் உப்புக்காற்றிலும் உழைத்துக் களைத்தது. பின்மூடியின் பசை ஓரத்தில் எப்போதோ விட்டிருந்தது.

புதியது வாங்கச் சொன்னேன். "வாங்கலாம். ஆனால் ஹோட்டல்காரர், வெள்ளைக்காரர் எல்லோருடைய நம்பரும் அதற்குள்தான் கிடக்கிறது" என்றான். எதையும் வேறெங்கும் சேமித்து வைக்கவில்லை. ஆகவே மதர்போர்டைத்தான் பிழைக்கவைக்க வேண்டும்.

தலைமுடி உலர்த்தியால் ஓரங்களைச் சூடாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் பின்மூடியைக் கிளப்பினேன். உள்ளே சார்ஜர் செருகும் பக்கம் முழுவதும் பச்சை பூத்திருந்தது. பற்றரியைக் கழற்றிவிட்டு, பற்றரி இணைப்பியின் நேர்முனைக்கும் தரைக்கும் (மின்சுற்றின் எதிர்முனை) இடையே மல்டிமீற்றரை வைத்தேன். 0.5 ஓம். மீற்றரின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.2 காட்டும்; அதைக் கழித்தால் 0.3. பிரதான மின்தடத்தில் எங்கோ ஷோட், அதாவது மின்சாரம் குறுக்குவழியில் நேரே தரைக்குப் பாய்கிறது. அந்தத் தடத்தில் தரைக்குச் சமாந்தரமாகப் பல டசின் கப்பாசிட்டர்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று உடைந்து தரையோடு ஒட்டிக்கொண்டாலே முழுத் தொலைபேசியும் செத்துவிடும். எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் போர்டைக் குளிப்பாட்டி, மென்மையான பல்தூரிகையால் தேய்த்து, மின்விசிறியின் கீழ் காயவைத்தேன். பச்சை போயிற்று, ஷோட் போகவில்லை.

அடுத்தது பழைய கடைக்காரர்களின் முறை. மேசைப் பவர் சப்ளையை 1 வோல்ட்டில் வைத்து, 1.5 அம்பியருக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தி, பற்றரி முனையில் கொடுக்க வேண்டும். ஷோட்டான பாகம் சூடாகும். போர்டில் ஆல்கஹாலை மெல்லப் பூசினால் சூடான இடம் முதலில் காயும். இதைக் கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் செய்பவர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. என் அறையில் பகல் 33 பாகை. பூசிய கை எடுக்கும் முன்பே போர்ட் முழுவதும் காய்ந்துவிடுகிறது. இரவில் செய்தால் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. அப்போதும் காய்வது ஒரு வட்டாரம்தான், ஒரு புள்ளி அல்ல.

என்னிடம் ஏற்கெனவே எம்.எல்.எக்ஸ். 90640 என்ற வெப்ப உணரி இருந்தது. 32 பெருக்கல் 24 கட்டம் (படப்புள்ளி), ஈ.எஸ்.பி. 32 என்ற சிறு கணினிப் போர்டோடு சேர்த்து ஏதோ கோழிக்குஞ்சுப் பெட்டிக்காகக் கட்டியது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். 55 பாகைப் பார்வையுள்ள அந்த உணரி 10 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து பார்த்தால், ஒரு கட்டத்துக்குள் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் அடங்கும். அந்த 3 மில்லிமீற்றருக்குள் ஆறேழு கப்பாசிட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன. திரையில் மஞ்சளாக ஒரு மேகம் வந்தது. மேகத்தின் நடுவில் மின்வழங்கலைப் பார்த்துக்கொள்ளும் பெரிய சிப் இருந்தது. சிப்தான் போய்விட்டது என்று நினைக்க எல்லா நியாயமும் இருந்தது. நல்லவேளை, மாற்றுச் சிப் திருகோணமலையில் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அதைக் கழற்றியிருப்பேன், போர்டும் போயிருக்கும்.

இந்த இடத்தில்தான் கமரா வாங்கும் ஆசைக்கு ஒரு காரணம் கிடைத்தது. தொலைபேசியின் சி வகைச் செருகியில் நேரே குத்தும், தீப்பெட்டியை விடச் சிறிய சீனத் தயாரிப்பு. 256 பெருக்கல் 192 கட்டம், வினாடிக்கு 25 படம். கையில் வந்து சேரும்போது 80,000 ரூபாயைத் தொட்டுவிட்டது. தொடக்கத்தில் வந்த மலிவு வெப்பக் கமராக்களில் கட்டங்கள் இதைவிடக் குறைவு. வெப்பக் கமராவைத் தன்னுள்ளேயே கொண்டு 2016இல் வந்த கெட் எஸ் 60 தொலைபேசியில் இருந்தது 80 பெருக்கல் 60 தான். 2014இல் வந்த சீக் கமராவில் 206 பெருக்கல் 156. அதுவும் வினாடிக்கு 9 படத்துக்குள். வேகமான வெப்பக் கமராக்களின் ஏற்றுமதிக்கு அமெரிக்கா போட்ட கட்டுப்பாட்டால் வந்த எல்லை அந்த 9. வேகம் எதற்கு என்று நானும் நினைத்தேன். பின்னால் அதுவே கைகொடுத்தது.

செயலியை நிறுவும்போது இருப்பிடம், ஒலிவாங்கி, படத்தொகுப்பு என்று எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டது. சூட்டைப் பார்க்க ஒலிவாங்கி எதற்கு? சிம் இல்லாத பழைய தொலைபேசி ஒன்றில் நிறுவி, இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பயன்படுத்துகிறேன். வாங்குபவர்களுக்கும் அதையே சொல்வேன்.

போர்டைக் காட்டுவதற்கு முன் கமராவையே சோதித்தேன். கடல்மட்டத்து ஊரில் இருப்பதில் ஒரு வசதி: தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும், கணக்குத் திருத்தம் தேவையில்லை. நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த கிண்ணத்தில் 0 காட்ட வேண்டும், 1.7 காட்டியது. கொதிநீரை நேரே பார்க்க முடியாது, ஆவி மறைக்கும். ஆகவே எவர்சில்வர் பானையின் வெளிப்பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதைப் பார்த்தேன். 97.4. கூட்டியோ குறைத்தோ 2 பாகை என்று பெட்டியில் எழுதியிருந்தது. பானைச் சுவரில் கொஞ்சம் சூடு குறையும் என்பதையும் சேர்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பார்க்க வேண்டியது டேப்புக்குப் பக்கத்தில் இருந்தது. விரல் வைத்தால் கொப்பளிக்கும் அதே பானைச் சுவர், டேப் இல்லாத இடத்தில், 41 பாகை என்று காட்டியது. நான் பக்கத்தில் போய் நின்றதும் அந்தப் பளபளப்பில் என் தலையின் வடிவம் வந்தது. மினுங்கும் உலோகம் தன் சூட்டைக் காட்டாது, எதிரே நிற்பவரின் சூட்டைத் திருப்பிக் காட்டும். டேப் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தன் சூட்டையே வெளிவிடும். அன்றிலிருந்து டேப் சுருள் கமராவோடு ஒரே பையில் போகிறது.

கொஞ்சம் ஆசையும் இருந்ததால் கன்னியாவுக்கும் கொண்டுபோனேன். ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஒரே வளவுக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. கிணற்றுக்குக் கிணறு சூடு மாறும் என்பது வாளியால் அள்ளிக் குளித்த எவருக்கும் தெரியும். குளிப்பவர்கள் இல்லாத விடியற்காலையில் போனேன். இப்படி ஒரு கருவியை ஆட்கள் பக்கம் நீட்டுவது முறையல்ல. காவலுக்கு இருந்த ஐயா அருகில் வந்து, "காய்ச்சல் பார்க்கும் கருவியா தம்பி?" என்று கேட்டார். கிணற்றுக்குக் காய்ச்சல் பார்க்கிறேன் என்றேன். சிரித்துவிட்டு, எது கூடச் சூடு என்று கமராவைக் கேட்காமலே விரலால் காட்டினார். அவர் காட்டிய வரிசையும் கமரா காட்டிய வரிசையும் ஒன்றே. ஆனால் கண்ணாடி வெப்பமானியை இறக்கிப் பார்த்தபோது கமராவின் எண்கள் எல்லாமே ஒன்றிரண்டு பாகை குறைவு. ஆவியாகும் மேற்பரப்பை மட்டுமே அது பார்க்கிறது. சாய்வாகப் பிடித்தால் தண்ணீரில் வானம் பிரதிபலித்து இன்னும் குறைகிறது. எண் பிசகினாலும் வரிசை பிசகவில்லை. இந்த விலைக் கமராவிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது அங்கேயே விளங்கிவிட்டது. பிறகு நான் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட மட்டும் பார்க்கிறேன்.

இனி போர்ட். முதல் பார்வை ஏமாற்றம். 25 சென்ரிமீற்றருக்குக் கிட்டே கொண்டுபோனால் படம் கலங்கியது. அந்தத் தூரத்தில், 56 பாகைப் பார்வையில், ஒரு கட்டம் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். நான் தேடும் கப்பாசிட்டரின் நீளமே 1 மில்லிமீற்றர், அகலம் அதில் பாதி. அதாவது குற்றவாளி ஒற்றைக் கட்டம். 80,000 ரூபாய் கொடுத்து இன்னொரு மேகம் வாங்கியிருந்தேன், இது கொஞ்சம் சிறிய மேகம்.

கிட்டப் பார்க்க வில்லை (லென்ஸ்) தேவை. சாதாரணக் கண்ணாடி வில்லை இங்கே சுவர் மாதிரி. இந்தக் கமராவின் அலைநீளத்துக்குக் கண்ணாடி ஒளி விடாது. மரம் செதுக்கும் லேசர் இயந்திரங்களில் வரும் சிங்க் செலினைட் வில்லை விடும். மஞ்சள் நிறம், 18 மில்லிமீற்றர் விட்டம், 50.8 மில்லிமீற்றர் குவியத் தூரம். 5,500 ரூபாய்க்கு வந்தது. உடைந்தால் தூள் நச்சு. வெறுங்கையால் தொடாமல், மேசையில் துணி விரித்து, அதன் மேல்தான் வேலை செய்தேன்.

தண்ணீர்ப் போத்தல் மூடியின் நடுவே சூடான கம்பியால் தொடங்கி அரத்தால் பெரிதாக்கி 17 மில்லிமீற்றர் துளை போட்டேன். வில்லை அதன் விளிம்பில் உட்கார்ந்தது. மூன்று இடத்தில் நகப்பூச்சு ஒவ்வொரு சொட்டு. சைக்கிள் டியூப் வளையம் ஒன்றை உள்ளே வைத்ததும் மூடி கமராவின் முகத்தில் ஆடாமல் நின்றது. நிறுத்திவைக்க, அகலமான பி.வி.சி. குழாயில் ஒரு துண்டை வெட்டி, பக்கவாட்டில் கம்பிகள் நுழைய வாய் திறந்தேன். கணக்குப்படி உயரம் 50 மில்லிமீற்றருக்கு மேல் வர வேண்டும். ஆனால் தெளிவு வந்தது 47இல். கமரா தொலைதூரத்துக்கு அல்லாமல் அரை மீற்றர் அளவுக்குக் குவிக்கப்பட்டிருப்பதே காரணம். குழாயை 52க்கு வெட்டி, மணற்தாளில் தேய்த்துத் தேய்த்து இறக்கினேன். முதலே குறைத்து வெட்டியிருந்தால் கூட்டியிருக்க முடியாது.

இப்போது ஒரு கட்டம் 0.2 மில்லிமீற்றர். ஈயப்பற்றின் ஓரம்கூடத் தெரிகிறது.

பாகங்களை மூடியிருந்த தகரக் கவசத்தை 350 பாகை வெப்பக்காற்றில் தூக்கினேன். அது மினுங்குவதால் பானையின் அதே சிக்கல் அங்கேயும் இருந்தது. பிறகு மின்சாரம். சப்ளையில் 1.5 அம்பியர் ஓடியது. வோல்ட் தானாக 0.45க்கு இறங்கி நின்றது. இரண்டு இடங்கள் ஒளிர்ந்தன. ஒன்று சிப்பின் மூலையில் ஒரு கப்பாசிட்டர். மற்றது அதற்கு 4 மில்லிமீற்றர் தள்ளி ஒரு சிறு சுருள். அரை நிமிடம் விட்டால் சூடு பரவி இரண்டும் ஒரே பிரகாசம். எதைக் கழற்றுவது?

வினாடிக்கு 25 படம் கைகொடுத்தது இங்கேதான். சப்ளையை அணைத்து, போர்ட் ஆறும்வரை காத்திருந்து, திரையைப் பதிவு செய்துகொண்டே மீண்டும் போட்டேன். பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், முதல் சில படங்களில் கப்பாசிட்டர் மட்டும் ஊசிமுனை அளவில் வெளுக்கிறது. சுருள் பிறகுதான் மெல்ல எழுகிறது. அதன் வழியாக மின்சாரம் ஓடுவதால் வரும் சூடு அது, அதன்மேல் பழியில்லை. கமரா இடையிடையே டிக் என்று உள்மூடியை மூடித் திறந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும்; அந்தக் கணத்தில் படம் உறைந்துவிடும். ஒருமுறை சரியாக அந்த டிக் வந்து முதல் படங்களை விழுங்கிற்று. திரும்பச் செய்தேன்.

கப்பாசிட்டருக்கு, ஈயம் இளக உதவும் பசைத்திரவம் ஒரு துளி, சிறு வாயுள்ள வெப்பக்காற்று, டுவீசர். வந்துவிட்டது. மீற்றரை வைத்தால் ஓம் எண் ஏறிக்கொண்டே போனது. அந்தக் கணத்தில் நான் கத்திய சத்தத்துக்கு அடுக்களையிலிருந்து அம்மா ஓடி வந்தார்.

இப்படிப்பட்ட தடத்தில் சமாந்தரமாக நிற்கும் பலவற்றில் ஒன்று குறைந்தால் பெரும்பாலும் தொலைபேசி ஓடும். எனினும் பழைய போர்ட் ஒன்றிலிருந்து அதே அளவில் ஒன்றைப் பெயர்த்து வைத்தேன். சப்ளையை 4 வோல்ட்டுக்கு ஏற்றி, தொடக்கப் பொத்தானின் முனைகளைத் தொட்டேன். 0.08 அம்பியரில் நின்ற எண் 0.3க்குத் தாவி, ஏறி இறங்கத் தொடங்கியது. உள்ளே ஏதோ யோசிக்கிறது என்று அர்த்தம். திரை வந்தது. சார்ஜர் பக்கத்துச் சிறு போர்ட் உப்பில் அரித்துப் போனதால் 2,500 ரூபாய்க்கு மாற்றினேன். முன் கமராவில் பனி படிந்ததுபோல் மங்கல் இருக்கிறது, ஒலிபெருக்கி கரகரக்கிறது. மச்சானுக்கு நம்பர்கள் கிடைத்தன. அவற்றை எடுத்து முடித்த கையோடு புதுத் தொலைபேசி வாங்கிவிட்டான்.

வாங்கிய கருவியைச் சும்மா வைத்திருக்க மனம் வராமல் வேறு இரண்டு இடங்களில் நீட்டிப் பார்த்தேன்.

ஒன்று எங்கள் வீட்டு மின்விநியோகப் பெட்டி. உப்புவெளியில் கடல் கூப்பிடு தூரம். பித்தளைத் திருகுகள் கறுத்துப் பூத்துவிடும். மூடிய பெட்டியை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, பிளாஸ்டிக் மூடி மறைக்கும். மூடியைத் திறப்பது என் வேலையல்ல என்பதால் வழக்கமாக வரும் மின்வேலைக்கார அண்ணரை அழைத்தேன். முதலில் அவர் திறந்து காட்டியபோது எல்லாம் ஒரே நிறம். சுமை இல்லாமல் சூடு வராது. மின்னோட்டம் பாதியானால் இணைப்பில் சூடு காலாகக் குறைந்துவிடும். 2,000 வாட் கேத்தல், துணி தேய்க்கும் மின்னழுத்தி, தண்ணீர் மோட்டார் மூன்றையும் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் பொறுத்தோம். நியூட்ரல் பட்டையில் ஒரு வயரின் உறை, திருகை ஒட்டிய இடத்தில், 61 பாகை. பக்கத்து வயர்கள் 38. பட்டையே பளபளப்பானது, அதன் எண்ணை நம்ப முடியாது. ஆனால் வயரின் பி.வி.சி. உறை உண்மை பேசும். பிரதான ஆளியை அணைத்து அவர் அந்த வயரை இழுத்தார், விரலோடு வந்துவிட்டது. கறுத்த முனையை வெட்டி, புதுச் செம்பு தெரியச் சீவி, இறுக்கினார். அதே மூன்றையும் போட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே நிறம். "இதைக் கையால் தொட்டுத்தான் இதுவரை பார்த்தேன்" என்றார். இந்த ஒரு திருகுக்காகவே கமராவின் விலையில் பாதி தீர்ந்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

மற்றது தங்கையின் கம்பியில்லாக் காதொலிப்பான். 4,000 ரூபாய்ச் சாமான்; வலப்பக்கம் சார்ஜ் ஏறவில்லை. கமராவில் இடப்பக்கம் இலேசாகச் சூடு, வலப்பக்கம் இருள். அவ்வளவுதான். தொடர்பு அறுந்த இடத்தில் மின்சாரம் ஓடாது, ஓடாத இடத்தில் சூடும் இல்லை. ஷோட்டைக் காட்டிக்கொடுக்கும் கருவி, அறுந்ததைப் பற்றி வாய் திறக்காது. 300 ரூபாய் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது பெட்டிக்குள் இருந்த ஊசித் தொடுமுனையில் வியர்வை உப்பு பச்சையாகப் படிந்திருந்தது. ஆல்கஹால், பல்தூரிகை, இரண்டு நிமிடம். இப்படிப்பட்ட கோளாறுக்கு வெப்பக் கமராவை எடுக்கவே வேண்டாம்.

கணக்கு: கமரா 80,000, வில்லை 5,500, சிறு போர்ட் 2,500. பவர் சப்ளையும் வெப்பக்காற்றும் முன்பே இருந்தவை. வில்லையோடு சேர்ந்து விற்கப்படும் கமராக்களும் இருக்கின்றன. மறுபடி வாங்குவதானால் சில ஆயிரம் கூடப் போனாலும் அதைத்தான் வாங்குவேன். தொலைபேசி பழுது பார்ப்பவருக்கு 256 பெருக்கல் 192க்குக் கீழே எதுவும் வேண்டாம். வீட்டு வயரிங் மட்டும் பார்ப்பவருக்கு அதில் பாதி போதும். வெப்பக் கமரா உள்ளே பொருத்திய தடித்த தொலைபேசிகளை எனக்குப் பிடிக்கவில்லை. தொலைபேசியின் காலம் முடிந்தால் கமராவும் கூடவே போய்விடும். குழாய்த் துண்டின் மேல் அப்படிப்பட்ட ஒன்றைப் படுக்கவைப்பதும் முடியாத காரியம்.

சி வகைச் செருகியில் நேரே குத்துவதையும் நிறுத்திவிட்டேன். தொலைபேசியின் சூடு ஏறி முதல் பத்து நிமிடம் எண்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. செருகியும் ஆடத் தொடங்கிற்று. இப்போது 20 சென்ரிமீற்றர் நீட்டிப்பு வயர் போட்டுக் கமராவைத் தனியே நிறுத்துகிறேன். கடற்கரைக்குக் கொண்டுபோகும்போது மெல்லிய பொலித்தீன் பை ஒன்றுக்குள் போட்டு இறுக்கிக் கட்டுகிறேன். கண்ணாடி மறைக்கும் வெப்பத்தை மெல்லிய பொலித்தீன் விட்டுவிடுகிறது. படம் கொஞ்சம் மங்கும், உப்பு உள்ளே வராது. மச்சானின் படகு இயந்திரத்தில் குளிர்நீர் சரியாக ஓடுகிறதா என்று அடுத்ததாகப் பார்க்கப் போகிறோம். அங்கே மேற்பரப்பு முழுவதும் வர்ணம் பூசியது, டேப் தேவைப்படாது.